தேடல் நின்ற இடம்

விரும்பிப் பார்த்துவந்த ஒன்றிலிருந்து மனம் விலகுவதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு. தெவிட்டல், சலிப்பு, கசப்பு ஆகிய மூன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். பேச்சில் இவற்றை மாற்றி மாற்றி வழங்குகிறோம்; ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை இருக்கிறது. அளவு மிஞ்சுவதால் வருவது தெவிட்டல். பொங்கலன்று மூன்றாம் கரண்டிச் சர்க்கரைப் பொங்கலைக் கை தானே விலக்குகிறதே, அது தெவிட்டல். பொங்கல் கெட்டுவிடவில்லை, வயிறு நிறைந்துவிட்டது. மாறாத ஒன்று மறுபடியும் மறுபடியும் வருவதால் பிறப்பது சலிப்பு. நம்பியது பொய்த்தால் மிஞ்சுவது கசப்பு. நெடுங்காலம் ஓடும் தொலைக்காட்சித் திறன் போட்டிகள் ஏன் ஈர்ப்பை இழக்கின்றன என்ற கேள்விக்கு இந்த மூன்று சொற்களையும் படிகளாகக் கொண்டு இறங்கிப் பார்க்கலாம். மூன்றுக்கும் அடியில் இன்னொரு படி இருப்பதாக நான் கருதுகிறேன். அங்கே போய்ச் சேர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் கண்முன் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் நம் சித்தியவானிலும் ஆயர் தாவாரிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும், ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி வந்த வீடுகளில் சூப்பர் சிங்கர் ஒரு குடும்ப வழக்கமாக இருந்த காலம் உண்டு. விஜய் தொலைக்காட்சி 2006இல் தொடங்கிய பாட்டுப் போட்டி அது. பாட்டி, மருமகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறை ஒரே பாயில் அமர்ந்து பார்த்தது. மறுநாள் பள்ளியில் யார் சரணத்தில் தடுமாறினார் என்று மாணவர்கள் வாதிட்டதை நான் கேட்டிருக்கிறேன். இன்றும் போட்டி நடக்கிறது. 2024க்குள் மூத்தோர் பிரிவு மட்டுமே 10 பருவங்களைக் கண்டுவிட்டது. ஆனால் அந்தப் பாயில் ஆள் குறைந்துவிட்டது. நல்ல பாட்டென்று யாராவது கைப்பேசியில் அனுப்பினால், நான்கு நிமிடம் கேட்டுவிட்டு நகர்கிறோம். யாரைக் கேட்டாலும் ‘பார்த்துப் பார்த்துப் புளித்துவிட்டது’ என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். புளிக்க வைத்தது எது என்பதை அந்த விடை சொல்வதில்லை.

முதற்படி தெவிட்டல். ஒரு சிறுமி முழு இசைக்குழுவோடு தொலைக்காட்சியில் பாடுவது தொடக்கத்தில் அரிய காட்சி. தோட்டத்துப் பிள்ளைக்கு அதுவரை வாய்த்த மேடை கோயில் திருவிழா, பள்ளிப் பரிசளிப்பு விழா, எப்போதாவது வானொலி; அவ்வளவுதான். பிறகு மூத்தோருக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று, வென்றவர்களுக்குள் மீண்டும் ஒன்று, மற்றொரு அலைவரிசையில் சரிகமப என்று போட்டிகள் பெருகின. அரிதாக இருந்தது அன்றாடமாயிற்று. இது மெய்யான காரணமே. ஆனால் முழுக் காரணம் இதுவாயின், இடைவெளி விட்டால் பசி திரும்ப வேண்டும். அமெரிக்க ஐடல் போட்டியின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 2002இல் தொடங்கிய அதன் இரண்டாம் பருவ இறுதிச்சுற்றை, 2003இல், சுமார் 38 மில்லியன் பேர் பார்த்தனர். 2016இல் ஃபாக்ஸ் அலைவரிசை அதை முடித்தபோது இறுதிச்சுற்றைப் பார்த்தவர்கள் சுமார் 13 மில்லியன். ஈராண்டு ஓய்வுக்குப்பின் 2018இல் ஏபிசி அலைவரிசையில் அது திரும்பி வந்தது. பழைய உயரம் திரும்பவில்லை. வயிறு காலியான பின்னும் நாக்கு கேட்கவில்லை என்றால், நோய் வேறெங்கோ இருக்கிறது.

இரண்டாம் படி சலிப்பு. ‘சலித்தல்’ என்ற வினைக்கு மனம் சோர்தல் என்றும் பொருள் உண்டு. சல்லடையில் இட்டு மாவைப் பிரித்தல் என்றும் பொருள் உண்டு. திறன் போட்டி இரண்டாம் பொருளில் ஒரு சலிப்புத்தான். ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள், குரல் தேர்வு, சுற்றுகள், வெளியேற்றம், வெளியேறியவருக்கு மறுவாய்ப்பு, இறுதிச்சுற்று என்ற அதே கண்கள் வழியே வாரம்தோறும் சலிக்கப்படுகிறார்கள். மூன்று பருவம் பார்த்தவருக்கு நான்காவது பருவத்தின் நடை மனப்பாடம். வறுமைக் கதை எந்த இடத்தில் வரும், எப்போது அம்மாவை மேடைக்கு அழைப்பார்கள், எந்தச் சொல்லுக்குமுன் முரசு அதிரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிகிறது.

ஆயினும் வடிவம் மாறாமையே ஈர்ப்பைக் கொல்லும் என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானின் என்எச்கே நிறுவனம் 1946இல் வானொலியில் தொடங்கிய ‘நோடோ ஜிமான்’ என்னும் பாட்டுப் போட்டி இன்றும் ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் பாடுவார்கள். தீர்ப்பை மணியோசை சொல்லிவிடும். தென்கொரியாவில் கேபிஎஸ் 1980 முதல் நடத்தும் தேசியப் பாட்டுப் போட்டியும் ஊர் ஊராகச் செல்வதே. 1988 முதல் அதைத் தொகுத்த சொங் ஹே, 2022இல் தம் 95ஆம் அகவையில் மறையும்வரை அந்த நிகழ்ச்சியின் முகமாகவே இருந்தார். இவ்விரண்டிலும் வடிவம் பெரிதாக மாறவில்லை. மாறிக்கொண்டே இருப்பது ஊரும் மனிதரும். ஆகவே வடிவம் பழசாவதைக் காட்டிலும், அந்த வடிவத்துக்குள் புதிதாக ஒன்று நுழைவது நின்றுபோவதே சலிப்பின் வேர் என்று கொள்ளலாம். இதை நினைவில் வைத்து அடுத்த படிக்குச் செல்வோம்.

மூன்றாம் படி கசப்பு. ‘மதிப்பீடு’ என்னும் சொல்லைப் பிரித்தால் மதிப்பு, ஈடு என்று வரும். ஈடு என்ற சொல்லுக்கு நிகர் என்றும் பொருள் உண்டு. பாடியதற்கு நிகரான சொல்லை நடுவர் சொல்வதே மதிப்பீடு. சூப்பர் சிங்கரின் தொடக்கப் பருவங்களில், எங்கே சுருதி விலகியது, எந்தச் சொல்லில் மூச்சு போதவில்லை என்று நடுவர்கள் சுட்டியபோது, வீட்டிலிருந்த நாமும் கேட்கக் கற்றோம். ஸ்ரீநிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் போன்ற பயின்ற செவிகள் அமர்ந்த இருக்கைகள் அவை. பருவங்கள் செல்லச் செல்ல எல்லாப் பாட்டுக்கும் எழுந்து நின்று கைதட்டும் வழக்கம் வளர்ந்தது. எல்லோருக்கும் நூறு என்றால் நூற்றுக்கு ஈடு எதுவும் இல்லை; பாராட்டு மிஞ்சி மதிப்பீடு மறைகிறது.

வாக்கும் அப்படியே. குறுஞ்செய்தி வாக்கு வந்தபோது, தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கும் தீர்ப்பில் பங்கு உண்டு என்ற பெருமிதம் வந்தது. பின்னர் முடிவுகளில் ஒரு தடம் தெரியத் தொடங்கியது. சூப்பர் சிங்கர் மூத்தோர் பிரிவின் முதல் 8 பட்டங்களும் ஆண்களுக்கே போயின. 2023இல் அருணா வென்றதே ஒரு பெண்ணின் முதல் வெற்றி. அமெரிக்க ஐடலில் 2008 முதல் 2012 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், கிட்டத்தட்ட ஒரே சாயலுள்ள வெள்ளை இளைஞர்களே வென்றார்கள். வென்றவர்களின் தகுதியை நான் ஐயுறவில்லை. இன்னார்தான் வெல்வார் என்று முன்பே தோன்றிவிட்டால், வாக்களிக்கும் கைக்கு வேலை இல்லை என்பதையே சொல்கிறேன். ஏமாற்றப்பட்டேன் என்று நினைப்பவர் சினந்து திரும்பி வரக்கூடும். தேவைப்படவில்லை என்று உணர்பவர் ஓசையில்லாமல் எழுந்து போய்விடுவார்.

இப்போது நான்காம் படி. இதற்கு ஒரு பழஞ்சொல் துணை செய்யும்: அரங்கேற்றம். அரங்கு, ஏற்றம் என்னும் இரு சொற்களின் கூட்டு. சிலப்பதிகாரத்தில் இதற்கென்றே ஒரு காதை இருக்கிறது. மாதவி ஐந்தாம் அகவையில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் முன் ஆடுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். ஆடல் ஆசான், இசை ஆசான், யாழாசிரியன், அரங்கின் அளவு என எல்லாவற்றையும் இளங்கோ அக்காதையில் விரித்துரைக்கிறார். கற்றலின் முழுப் பின்னணியும் தெரிந்த பிறகே ஏற்றம் வருகிறது. மேலும், அரங்கேற்றம் ஒருவருக்கு ஒருமுறை. இரண்டாம் முறை ஆடுவது ஆட்டம். அது அரங்கேற்றம் ஆகாது. காணும் அவைக்கும் அதில் ஒரு கடமை உண்டு. பெயரற்ற ஒருத்தி கலைஞராகும் அந்த நொடிக்கு அவை சாட்சி நிற்கிறது.

திறன் போட்டி தன் நல்ல காலத்தில் நமக்குக் கொடுத்தது இந்தச் சாட்சி நிலையைத்தான். நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மெக்சிகோ நிகழ்ச்சி ஒன்றன் வடிவத்தைத் தழுவி ஆஸ்ட்ரோ 2003இல் தொடங்கிய அகாடமி ஃபான்டாசியா, பெயருக்கேற்பத் தன்னை ஒரு பள்ளியாக அமைத்துக்கொண்டது. மாணவர்கள் குரல் வகுப்பில் திட்டு வாங்குவதையும், கால் பின்னி ஆடத் தெரியாமல் நிற்பதையும் நாடு பார்த்தது. 2005இல் வென்ற மாவி, ஜொகூர் ஃபெல்டா குடியேற்றம் ஒன்றிலிருந்து வந்த இளைஞர். அவரைவிடத் தேர்ந்த குரல்கள் அந்தப் பருவத்தில் இருந்ததாகச் சொன்னவர்களும் அவருக்கே வாக்களித்தார்கள். வாராவாரம் அவர் ஏறிவந்ததை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். சூப்பர் சிங்கரிலும் அனந்த் வைத்தியநாதன் போட்டியாளர்களுக்குக் குரல் பயிற்சி அளிக்கும் பகுதிகள் அன்று பலருக்கும் பிடித்தவை. திறனை மட்டும் காட்டாமல், திறன் உருவாகும் பட்டறையையும் அவை காட்டின.

பின்னர் நேர்ந்த மாற்றம் யாருடைய சூழ்ச்சியும் இல்லை, வெற்றியின் விளைவு. நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நிகழ்ச்சிக்காகவே பயின்று வரத் தொடங்கினார்கள். எந்தப் பாட்டு நடுவரை எழ வைக்கும், எந்த இடத்தில் ஒரு நீண்ட சங்கதி போட வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பலர் யூடியூபில் முன்பே பெயர் பெற்றவர்கள். முதல் வாரத்திலேயே முழுமையாகப் பாடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் இடர்ப்பாடு. முதல் படியில் நிற்க வேண்டியவர் உச்சியிலேயே வந்து நின்றால், ஏற்றம் என்ற சொல்லுக்கு இடமில்லை. அரங்கு இருக்கிறது, ஏற்றம் இல்லை. சூப்பர் சிங்கர் தன் அறிமுக வரியிலேயே ‘குரல் தேடல்’ என்று சொல்லிக்கொண்டது. தேடல் என்றால் கிடைக்காமல் போகவும் வாய்ப்புள்ள ஒன்றை நாடுவது. கிடைப்பது உறுதி என்றானபின் நடப்பது கொள்முதல்.

தேடல் மெய்யாக நடந்தபோது மக்கள் திரும்பி வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டோடு அந்த மேடையில் ஏறியபோது, சித்தியவானில் நிகழ்ச்சியை மறந்துவிட்ட வீடுகளிலும் பெட்டி மறுபடி ஒலித்தது. பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு அந்தத் தெம்மாங்கின் நடை தெரியும். மரங்கள் போய்ச் செம்பனை வந்த பின்னும் காதில் மிஞ்சியிருந்த நடை அது. நிகழ்ச்சியின் வடிவம் மாறவில்லை, நடுவர் நாற்காலி மாறவில்லை. சல்லடைக்குள் இதுவரை விழாத தானியம் ஒன்று விழுந்தது. நோடோ ஜிமான் ஒவ்வொரு ஞாயிறும் ஊர் மாற்றிச் செய்வதை இங்கே ஒரு பருவம் தற்செயலாகச் செய்தது.

கடைசியாக, நம் ஊர்ப்பெயரிடம் வருகிறேன். சித்தியவான் என்பது ‘செத்தியா கவான்’ என்ற மலாய்த் தொடரின் மருவு என்பது இவ்வூர்ச் செவிவழிக் கதை. பற்றுறுதியுள்ள தோழன் என்று பொருள். இரண்டு யானைகள் வந்தனவாம். ஒன்று சேற்றில் புதைந்தது. மற்றது அதை விட்டுப் போக மறுத்து அங்கேயே நின்றதாம். மலாய் ‘செத்தியா’வின் மூலம் ‘சத்திய’ என்ற வடசொல். உண்மை என்று புறப்பட்ட சொல், கடல் கடந்து இந்த மண்ணில் பற்றுறுதி என்று பொருள் கொண்டது. உண்மை உள்ள இடத்தில்தான் பற்று நிலைக்கும் என்பதை அந்தச் சொல்லின் பயணமே நமக்குச் சொல்லித்தருகிறது. கதையில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இரண்டாம் யானை நின்றது, முதல் யானை சேற்றில் இருந்ததால். கரையில் நிமிர்ந்து நிற்கும் யானைக்குத் துணை எதற்கு? பார்வையாளரின் பற்றும் அப்படிப்பட்டது. தடுமாறி ஏறுகிறவரோடு அது நிற்கும். ஏற வேண்டிய தேவையே இல்லாதவரை வியந்துவிட்டு வீடு திரும்பும்.

ஆயர் தாவார்ப் பக்கத் தோட்டக் கோயில் ஒன்றின் திருவிழாவில் சில ஆண்டுகளுக்குமுன் ஒரு சிறுமி பாடினாள். இரண்டாம் சரணத்தில் வரி மறந்துபோயிற்று. தபேலாக்காரர் நிறுத்தவில்லை, அவள் முகத்தைப் பார்த்தபடியே அதே தாளத்தை வாசித்துக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பாட்டி ஒருவர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். மூன்று ஆவர்த்தனம் கழிந்த பிறகு அவளுக்கு வரி கிடைத்தது. அதுவரை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை.