பழத்தோட்டப் பயிற்சியும் அறிவின் வழிகளும்

பழ மரத்தைப் பேணும் அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்றின் கிளை. கேட்டறிவது, கண்டறிவது, ஊகித்தறிவது, செய்தறிவது ஆகியவற்றுள் எது அறிவுக்கு மூலம், எது வெறும் துணை என்பதே அந்தக் கேள்வி. மா, வாழை, திராட்சை போன்றவற்றை விற்பனைக்காகப் பயிரிடுவோருக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகள், செயல்விளக்கங்கள், வயல் விழாக்கள் ஒவ்வொன்றும் இதற்கு ஏதோ ஒரு விடையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் அமைகின்றன.

பழ மரம் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. நெல்லில் செய்த தவறு நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். ஒட்டு மா காய்ப்புக்கு வரவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதன்பின் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மகசூல்தான். நாற்பது ஆண்டு தோட்டம் வைத்திருப்பவருக்கும் ஒரு முறையைச் சோதித்துப் பார்க்க நாற்பது வாய்ப்புகூடக் கிடைப்பதில்லை. பட்டுத் தெரிந்துகொள்ள ஆயுள் போதாத தொழில் என்பதால், பிறர் சொல்லை நம்புவது இங்கே தவிர்க்க முடியாத தேவையாகிறது.

பயிற்சியின் வடிவங்கள்

1903-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெரல் என்னும் ஊரில், சீமன் நாப் என்பவர் ஒரு விவசாயியின் சொந்த நிலத்திலேயே மாதிரிப் பண்ணை அமைத்தார். அரசுப் பண்ணையில் அலுவலர்கள் செய்து காட்டுவதை விவசாயி சந்தேகிப்பார், தன் நிலத்தில் தன் கையால் செய்ததைச் சந்தேகிக்க மாட்டார் என்பது அவர் கொள்கை. நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊரார் உறுதி கொடுத்தனர். அங்கே விளைந்தவை பருத்தியும் மக்காச்சோளமும்தான். ஆனால் 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டத்தின் வழியாக அந்த முறை நாடெங்கும் பரவிப் பழத்தோட்டங்களையும் எட்டியது.

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. செய்து கற்றல் என்பதே அந்நிலையங்களின் அடிப்படை. 1989-இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இன்னொரு படி மேலே சென்றது. அங்கே விரிவுரையாளர் இல்லை. விவசாயிகள் குழுவாக வயலில் இறங்கி, பூச்சிகளை எண்ணி, தீங்கு செய்வன எவை, அவற்றைத் தின்னும் நன்மைப் பூச்சிகள் எவை என்று பிரித்து, படம் வரைந்து, மருந்து அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள்.

விரிவுரை, பிறர் சொல்லை அறிவுக்கு வாயிலாகக் கொள்கிறது. செயல்விளக்கம் கண்ணால் காண்பதைக் கொள்கிறது. நாப்பின் பண்ணை தன் செய்கையை நம்புகிறது. வயல்வெளிப் பள்ளி காட்சியையும் ஊகத்தையும் கூட்டு விவாதத்தையும் இணைக்கிறது. இவற்றுள் எது சரி என்பதை மகசூல் கணக்கு மட்டும் தீர்த்துவிடாது. அறிவு என்று எதைச் சொல்கிறோம் என்பதும் தெளிவாக வேண்டும்.

அளவைகளின் பார்வையில்

அறிவு வரும் வழிகளை இந்தியத் தத்துவ மரபுகள் அளவைகள் என்ற தலைப்பில் ஆராய்ந்தன. நியாய சூத்திரம் காட்சி, அனுமானம், உவமம், உரை என நான்கை ஏற்கிறது. சார்வாகர் காட்சி ஒன்றோடு நின்றுகொள்கின்றனர். பௌத்த அளவைவாதிகள் காட்சி, அனுமானம் இரண்டையே ஒப்புகின்றனர். மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் எடுத்துரைப்பதும் இந்த இரண்டு அளவை மரபையே. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல் (அனுமானம்), உரை என மூன்றைக் கொள்கிறது.

பிறர் சொல்லாகிய உரை தனி அளவையா என்பது பயிற்சி வகுப்புக்கு நேரடியாகப் பொருந்தும் சர்ச்சை. நியாயவாதியின் கணக்கில், தகுதியுள்ளவர் சொன்னதைப் புரிந்துகொண்டு ஏற்ற அளவிலேயே கேட்டவருக்கு அறிவு உண்டாகிவிடுகிறது. பௌத்தரின் கணக்கில், இவர் நம்பத்தக்கவர், ஆகவே இவர் சொல்வது சரியாக இருக்கும் என்று கேட்பவர் மனத்துக்குள் ஓர் ஊகம் நடந்தாக வேண்டும். வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பவர் முதல் வகையில் நடந்துகொள்கிறார். கடைசி வரிசையில் கை கட்டி நின்று, இவர் எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பவர் இரண்டாவது வகையில் நடந்துகொள்கிறார். பின்னவரை அவநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அவர் கேட்பது உரைக்கு ஆதாரம்.

கருதலின் இடத்தை வாழைத் தோட்டத்தில் நன்றாகக் காணலாம். பனாமா வாடல் நோய் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வருகிறது. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கும். ஆனால் இலை மஞ்சளாவது நீர்ப் பற்றாக்குறையாலும் சத்துக் குறைவாலும் வேர் அழுகலாலும் நேரலாம். மஞ்சள் இலையை மட்டும் கண்டு பனாமா வாடல் என்று முடிவு கட்டுவது அளவை நூலார் ஏதுப்போலி, அதாவது போலிக் காரணம் என்று சொல்லும் பிழை. ஒரே அடையாளம் பல காரணங்களோடு சேர்ந்து வருவதால் எதையும் உறுதிப்படுத்தாத இந்த வகையை மணிமேகலை அநைகாந்திகம் என்கிறது. பயிற்சியாளர் அரிவாளை எடுத்து அடித்தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும்போது, உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஓடும் நாளங்கள் தெரிகின்றன. மஞ்சள் இலையும் ஒடிந்த காம்பும் இந்த நிறமும் சேரும்போதுதான் ஏது வலுப்பெறுகிறது. வெட்டிக் காட்டும் அந்த ஒரு நிமிடம் காட்சியைத் தருவதோடு, எந்தக் காட்சியிலிருந்து எதைக் கருதலாம் என்பதையும் கற்றுத் தருகிறது.

செய்முறை அறிவின் இயல்பு

கவாத்து செய்வது வேறு வகைச் சிக்கலை எழுப்புகிறது. ஒன்றுக்கொன்று குறுக்கே போகும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, காய்ந்த கிளை ஆகியவற்றை நீக்க வேண்டும் என்ற விதியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதைக் கேட்டவர் ஒரு மா மரத்தின் முன் கத்தரியோடு நிற்கும்போது, குறுக்கே போகும் இரண்டு கிளைகளில் எதை வெட்டுவது, எதை விடுவது என்று விதி சொல்வதில்லை.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் 1949-இல் வெளிவந்த ‘தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்’ நூலில் இந்த இடைவெளியை ஆராய்ந்தார். செய்யத் தெரிவது என்பது விதிகளைத் தெரிந்திருப்பதன் விளைவு என்றால், விதியை இந்த இடத்தில் எப்படிப் பொருத்துவது என்பதற்கு இன்னொரு விதி வேண்டும், அதற்கு மற்றொன்று வேண்டும். இது முடிவின்றிப் போகும் என்பதால், செய்யத் தெரிவது தனி வகை அறிவு என்பது அவர் முடிவு. 2001-இல் தத்துவ அறிஞர்கள் ஜேசன் ஸ்டான்லியும் திமொத்தி வில்லியம்சனும் இதை மறுத்தனர். செய்யத் தெரிவதும் ஓர் உண்மையைத் தெரிந்திருப்பதே. இதைச் செய்ய இது ஒரு வழி என்ற உண்மையைச் செயலுக்கு ஏற்ற முறையில் ஒருவர் உணர்ந்திருக்கிறார் என்பது அவர்கள் வாதம். தத்துவ அறிஞர் மைக்கேல் போலான்யி 1958-இல் வெளியிட்ட ‘பெர்சனல் நாலெட்ஜ்’ நூலில், முழுமையாக விதிகளாக்க முடியாத கலை, தேர்ந்தவரைப் பார்த்துச் செய்து பழகுவதன் வழியாகவே கைமாறும் என்றார்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைத் தோட்டம் இந்த விவாதத்துக்கு நல்ல சோதனைக்களம். அங்கே ஒவ்வொரு மகசூலுக்கும் பந்தலில் உள்ள கொடிகளைக் கவாத்து செய்ய வேண்டும். நன்கு முற்றிய கொடியில் கூடுதலான கணுக்களை விட்டும், மெலிந்த, முற்றாத கொடியில் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் விட்டும் வெட்டுவது முறை. ரகத்துக்கு ரகம் கணு எண்ணிக்கை மாறும். எண்ணிக்கையைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். கொடி முற்றிவிட்டதா என்பதைத் தோலின் பழுப்பையும் தண்டின் கனத்தையும் விரல்களுக்கு இடையில் அது தரும் விறைப்பையும் கொண்டு அறிய வேண்டும். தேர்ந்த கவாத்துக்காரர் ஒரு கொடிக்கு அதிக நேரம் செலவிடுவதில்லை. ஏன் இங்கே வெட்டினீர்கள் என்று கேட்டால் பல நேரம் அவரால் காரணம் சொல்ல முடியாது. ஆனால் அருகில் நிற்பவர் தவறாக வெட்டப் போனால் உடனே கையைப் பிடித்துவிடுவார்.

இதிலிருந்து விதி பயனற்றது என்ற முடிவு வராது. கணுவைப் பார், தோலைப் பார் என்று விதி சொல்லாவிட்டால், புதியவர் எத்தனை முறை நின்று பார்த்தாலும் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார். விதி கண்ணை உரிய இடத்துக்குத் திருப்புகிறது. கண்டதைத் தரம் பிரிப்பதைப் பழக்கம் கற்றுத் தருகிறது. இளைஞர் கணிதத்தில் தேறலாம், நடைமுறை விவேகத்தில் தேற அனுபவமும் காலமும் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் நிகோமாகிய அறவியலில் சொன்னது கவாத்துக்கும் பொருந்துகிறது.

தன் அனுபவத்தின் எல்லை

செய்தறிவதே உறுதியான அறிவு என்ற நாப்பின் கொள்கைக்குப் பழ மரம் ஒரு தடை வைக்கிறது. பல மா ரகங்கள் ஓராண்டு நிறையக் காய்த்து அடுத்த ஆண்டு குறைவாகக் காய்க்கும். காய்ப்புக் குறைந்த ஆண்டில் மனம் நொந்த விவசாயி புதிதாக ஓர் உரத்தையோ ஊக்கியையோ வாங்கி இடுகிறார். அடுத்த ஆண்டு மரம் தன் முறைப்படி நிறையக் காய்க்கிறது. பலன் அவர் கண்முன்னே தொங்குகிறது, அவரே செய்தது, அவர் நிலத்தில் நடந்தது. ஆனாலும் அவர் பெற்றது அறிவாகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. வடமொழி மரபு இதையே காகதாலீய நியாயம் என்று குறித்தது.

தன் கையால் செய்தது என்பதே இங்கே பிழையை உறுதிப்படுத்துகிறது. பிறர் சொல்லியிருந்தால் எழுந்திருக்கக்கூடிய சந்தேகம், சொந்த அனுபவம் என்பதால் எழாமல் போகிறது. இதற்கு மாற்று, செய்யாமல் விட்ட மரங்களையும் சேர்த்துப் பார்ப்பது. 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், வயல் சோதனைகளுக்கு வகுத்த முறை இதையே மையமாகக் கொண்டது. எந்தப் பாத்திக்கு இடுவது, எதை விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, பலமுறை செய்து ஒப்பிட வேண்டும் என்றார். அவருடைய ‘தி டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ்’ 1935-இல் வெளிவந்தது. மாவில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. ஒட்டு ஒரே ரகமாக இருந்தாலும் வேர்ச்செடி கொட்டையிலிருந்து முளைத்ததாக இருப்பதால் மரத்துக்கு மரம் வீரியம் மாறும்.

ஒரு தனி விவசாயியால் இந்த ஒப்பீட்டை முழுதாகச் செய்ய முடியாது. பலர் கூடும் பயிற்சி வகுப்பின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அதே ஊக்கியை இடாத பக்கத்து ஊர்க்காரர், தன் தோட்டத்திலும் இந்த ஆண்டு நல்ல காய்ப்பு என்று சொல்லும்போது, முதலாமவரின் அனுபவம் முதல்முறையாகச் சோதனைக்கு உள்ளாகிறது.

யார் சொல்லை ஏற்பது

நியாய சூத்திரம் உரையை ஆப்தரின் உபதேசம் என வரையறுக்கிறது. ஆப்தர் யார் என்பதற்கு உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் தரும் விளக்கம், பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே பிறருக்கு அறிவிக்கும் விருப்பமும் இருக்க வேண்டும் என்பது. இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்கிறார். பதவியோ பிறப்போ ஒருவரை ஆப்தராக்குவதில்லை.

இந்த அளவுகோல் பயிற்சி மேடைக்கு அப்படியே பொருந்தும். பட்டம் பெற்ற அலுவலர் நூலறிவு மிக்கவராக இருந்தும் அந்த வட்டாரத்து மண்ணை நேரே அறியாதவராக இருக்கலாம். முன்னோடி விவசாயி தன் மண்ணை அறிந்திருந்தும், தன் அனுபவத்தின் காரணத்தைத் தவறாகப் புரிந்தவராக இருக்கலாம். இடுபொருள் விற்பவர் செலவில் நடக்கும் வயல் விழாவில் சிக்கல் இரண்டாவது நிபந்தனையில் வருகிறது. பேசுபவர் நன்கு அறிந்தவராகவே இருக்கலாம், ஆனால் அறிந்தபடியே சொல்வதோடு விற்பனையும் அவர் நோக்கமாகிறது. அதனால் அவர் சொல் பொய்யாகிவிடாது. அதை உரையாக ஏற்காமல் ஊகத்துக்கு உட்படுத்த வேண்டும், சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்க வேண்டும்.

திறனும் அறமும்

எந்தத் தொழில்நுட்பமும் இரு பக்கமும் பயன்படும். நோய் தீர்க்கத் தெரிந்தவருக்கே நோய் விளைவிக்கவும் தெரியும் என்பது கிரேக்கத் தத்துவத்தில் அடிக்கடி பேசப்பட்ட கருத்து. பழம் பழுக்க வைப்பது இதற்கு எளிய சான்று. கால்சியம் கார்பைடு கல்லில் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயு வந்து, காயின் தோல் மஞ்சளாகிறது. கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். உணவுப் பாதுகாப்பு விதிகள் இதைத் தடை செய்துள்ளன. எத்திலீன் வாயுவை மூடிய அறையில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை செலுத்திப் பழுக்க வைக்க அனுமதி உண்டு.

இரண்டு முறையிலும் தோல் மஞ்சளாகும். வாங்குபவர் நிறத்தைக் கண்டு கனிவைக் கருதுகிறார். முற்றாத காயில் கார்பைடு செய்வது, அந்தக் கருதலுக்கு உரிய ஏதுவைப் போலியாக்குவது. நஞ்சு பற்றிய கவலை தனி. நஞ்சே இல்லாவிட்டாலும், பிறர் அறியும் வழியைக் கெடுக்கும் குற்றம் அங்கே எஞ்சும். பழுக்க வைக்கும் முறையைக் கற்பிக்கும் வகுப்பு அளவையும் வெப்பத்தையும் மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி வேலைதான் செய்கிறது. நிறம் என்பது வாங்குபவருக்கு அளிக்கும் வாக்குறுதி என்ற அறமும் பாடத்தின் பகுதி.

பயிற்சி அமைய வேண்டிய முறை

இவற்றைத் தொகுத்தால், அறிவின் வழிகளுள் எந்த ஒன்றும் பழத்தோட்டத்துக்குத் தனியே போதாது. உரை எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும், ஆனால் கைக்குப் பழக்கம் தராது. செய்கை பழக்கம் தரும், ஆனால் காரணத்தை உறுதிப்படுத்தாது. கருதல் காரணத்தைத் தேடும், ஆனால் ஒப்பிட வேறு தோட்டங்கள் இல்லாமல் வழி தவறும். ஒரே நாளில் விரிவுரை, தேநீர், சான்றிதழ் என்று முடியும் வகுப்பு உரையோடு நின்றுவிடுகிறது. மரத்தின் பருவத்தை ஒட்டி, கவாத்து, பூப்பு, காய்ப்பு, அறுவடை என்று அதே தோட்டத்தில் பலமுறை கூடும் வகுப்பே மற்ற வழிகளுக்கும் இடம் தரும். கவாத்து செய்யாத இரண்டு வரிசை மரங்களை ஒப்பீட்டுக்காக விட்டுவைப்பதும், மரவாரியாகக் காய்ப்பைக் குறிப்பேட்டில் எழுதுவதும், பேசுபவர் யார் செலவில் வந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதும் நிர்வாக ஒழுங்குகள்போலத் தோன்றும். முதல் இரண்டும் காரண காரியத்தைக் காக்கை-பனம்பழத்திலிருந்து பிரிப்பவை, மூன்றாவது உரைக்கு ஆதாரம் தருவது. இந்த நிபந்தனைகள் நிறைவேறும்போதுதான், வகுப்பில் கேட்டவர் தகவலோடு நில்லாமல் அறிவும் பெறுகிறார் என்று சொல்ல இடமுண்டு.