அம்மாவின் சுங்குடி யாருக்குச் சொந்தம்?

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில், பாச்சா உருண்டை வாசனையோடு ஒரு பழைய சேலை இருக்கிறதா? யாரும் கட்டுவதில்லை. யாருக்கும் கொடுப்பதும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, உதறி, ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அதே மடிப்பில் திரும்ப வைத்துவிடுகிறீர்கள். அப்படி ஒன்று இருந்தால் நீங்களும் நானும் ஒரே கட்சி. இல்லையென்றால் எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியும் படிக்கலாம், தப்பில்லை.

என்னிடம் இருப்பது அம்மாவின் சுங்குடி. அரக்குச் சிவப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. 1979-ல் மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கியது. கையால் முடிச்சுப் போட்ட அசல் சுங்குடி. இன்றைக்குக் கடையில் சுங்குடி என்று தொங்குவதில் நிறைய, அச்சில் புள்ளி வைத்தது. அசலில் மதுரைச் சௌராஷ்டிரப் பெண்கள் உட்கார்ந்து, துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சைப் பிரித்தால், நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறியிருக்காது. அதுதான் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. உற்றுப் பாருங்கள், எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இருக்காது.

அம்மா 2014-ல் போய்ச் சேர்ந்தாள். சேலை என் பீரோவுக்கு வந்தது. அவ்வளவுதான், அதற்கப்புறம் அது வெளியே போகவே இல்லை.

சில மாதங்களுக்கு முன் அக்கா மகள் வந்திருந்தாள். சென்னையில் ஒரு வேலையும் பார்த்துக்கொண்டு, ராத்திரியில் தொப்பி தைத்து விற்கிறாள். பழைய பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி, இதில்தான் தைப்பாளாம். புதுத்துணி தொடமாட்டாள். நம்மூரில் குல்லா போடுவது என்றாலே ஏமாற்றுவது என்றுதானே அர்த்தம்? இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "வெயில் அடிக்கிற ஊர்ல எல்லாரும் வாங்கலாம் மாமா. நீங்கதான் கர்ச்சீப்பை நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டு அலையறீங்க" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "அம்மாச்சியோட அந்தச் சுங்குடியக் குடுங்களேன் மாமா. பத்து தொப்பி தைச்சிடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது.

அவள் தைப்பதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விளையாட்டு வேலை இல்லை அது. மூன்று பாகம். உச்சிக்கு ஒரு வட்டம், சுற்றி ஒரு பட்டை, கீழே விளிம்பு. தலைச் சுற்றளவு 57 சென்டிமீட்டர் என்றால் உச்சி வட்டத்தின் குறுக்களவு சுமார் 18. பள்ளிக்கூடத்தில் படித்த அதே 3.14 கணக்குதான். தையலுக்குச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். பழைய துணி இழுத்தால் பிய்ந்துவிடும் என்பதால், அடியில் மெல்லிய புதுப் பருத்தித் துணி வைத்து இரண்டையும் சேர்த்துத்தான் வெட்டுகிறாள். விளிம்பு தொங்கிவிடாமல் இருக்க நடுவில் கேன்வாஸ். சட்டைக் காலருக்கு டெய்லர்கள் வைப்பார்களே, அதேதான். அதன்மேல் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றித் தையல்.

இதெல்லாம்கூடப் பழகினால் வந்துவிடுமாம். கஷ்டம், எங்கே வெட்டுவது என்பதில்தான். ஒரு பூவை நெற்றிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். பட்டையின் இரண்டு முனையும் சேருமிடத்தில் கட்டம் கட்டத்தோடு பொருந்த வேண்டும். புதுத்துணி என்றால் தப்பு செய்தால் இன்னொரு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். இதில் அந்த ஒரு துணியோடு சரி. அதனால் காகிதத்தில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாகத் துணியைப் பார்த்து நகர்த்திக்கொண்டே இருக்கிறாள். அரைமணி நேரம் ஒரு வெட்டும் விழவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், அது எனக்கே தெரிந்தது.

ஆனாலும் அம்மா சேலை என்றதும், 'முடியாது' என்றுதான் வாயில் வந்தது.

நான் பி.காம் படித்தவன். நியாயமாக என் கணக்கு வேறு மாதிரி ஓடியிருக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலை, அரை மீட்டருக்கு ஒரு தொப்பி, பத்து தொப்பி, ஒன்று 900 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். இப்போது அது ஈட்டித் தருவது? பூஜ்யம். போதாததற்குப் பாச்சா உருண்டைச் செலவு வேறு. கம்பெனிகளில் தேய்மானம் முழுக்க எழுதி முடித்த பழைய மெஷினைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய் என்று வைத்திருப்பார்கள். 'இருக்கிறது' என்பதற்கு அடையாளமாக ஒரு ரூபாய். என் பீரோவில் அம்மா அப்படித்தான் இருந்தாளோ என்னவோ.

அக்காவுக்குப் போன் போட்டேன். "உன் பொண்ணு என்ன கேக்குறா தெரியுமா?" என்று புகார் மாதிரி ஆரம்பித்தேன். ஆதரவு கிடைக்கும் என்று நினைப்பு.

"அம்மா கிழிச்ச சேலைய என்னைக்காவது எண்ணிப் பாத்திருக்கியாடா?" என்றாள் அக்கா.

எனக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா பழைய சேலையின் கரையைப் பல்லால் கடித்து ஒரு சின்னக் கிழிசல் போட்டுக்கொள்வாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. டர்ர்ர்... முற்றத்துக்குக் கேட்கும். ஒரு துண்டு அக்கா பிள்ளைக்குத் தொட்டில். ஒரு துண்டு மொட்டைமாடியில் கூழ்வத்தல் ஊற்ற. ஒன்று தலையணை உறை. கடைசியில் மிஞ்சுவது அடுப்படியில் கரித்துணி. அக்காவுக்கு ஒரு தீபாவளிக்குப் பாவாடை தைத்தது அம்மாவின் கல்யாணச் சேலையில். கத்தரிக்கோல் வைத்தவர் புதுமண்டபத்து டெய்லர். அம்மா பக்கத்தில் நின்று, "முந்தி வீணாகாம வெட்டுங்க" என்று சொன்னாளே தவிர, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அப்படிப்பட்டவள் சேலையைத்தான் நான் 'வெட்டக்கூடாது' என்று காவல் காக்கிறேன். யார் சார்பில்?

இந்த இடத்தில் உங்களையும் கேட்கிறேன். ஒரு பொருளை அப்படியே வைத்திருப்பதுதான் அதற்குச் செய்கிற மரியாதை என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது?

நம் கரைத் துணி தொப்பியாவது ஒன்றும் இன்றைக்கு ஆரம்பித்த விவகாரமில்லை. சோழமண்டலக் கரையில் வண்ணமெழுதிய பருத்தித் துணியை டச்சுக் கம்பெனிக்காரர்கள் பழவேற்காடு, நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம் வழியாகக் கப்பலில் ஏற்றினார்கள். கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்து, சாயவேரில் சிவப்பேற்றி, மெழுகு பூசி மறைத்து நீலம் தோய்த்து, பல கைகள் பட்டு உருவாகிற துணி. அவர்கள் ஊரில் இதற்கு 'சிட்ஸ்' என்று பேர். 18-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்துப் பக்கத்துப் பெண்கள் இதை வெட்டித் தட்டு மாதிரி அகலமான வைக்கோல் தொப்பிகளுக்குள் ஒட்டித் தைத்துக்கொண்டார்கள். குனிந்தால் வைக்கோல், நிமிர்ந்தால் பூந்தோட்டம்! விலையுயர்ந்த துணி என்பதால் துண்டுகளைக்கூட ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தினார்கள்.

நம்மூர்ச் சித்திரக்காரன் ஒரு கொடியை இந்த மூலையில் ஆரம்பித்து அந்த மூலைவரை ஓடவிட்டிருப்பான். தொப்பிக்காரம்மா அதை நடுவில் நறுக்கிவிட்டாள். விளிம்பில் பாதிப் பூ. பார்த்தால் அவனுக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனால், அந்தத் தொப்பிகளில் சில இன்றும் மியூசியங்களில் இருக்கின்றன. நம் கரையிலேயே தங்கிய துணிகள் எங்கே? கட்டினோம், கிழித்தோம், வெயிலும் கரையானும் மீதியைப் பார்த்துக்கொண்டன. வெட்டுப்பட்டது பிழைத்தது, முழுசாக இருந்தது போய்விட்டது.

இதைவைத்து 'அப்படியானால் வெட்டலாம்' என்று தீர்ப்பு எழுதிவிட முடியுமா? எனக்குத் தோன்றவில்லை. பிழைத்த தொப்பிகளைத்தான் நாம் பார்க்கிறோம். பிழைக்காதவற்றை எண்ண யாரும் இல்லையே.

இதற்கு நேரெதிரான கதை ஒன்று அமெரிக்காவில். அங்கே 1920-களில் இருந்து 50-கள்வரை மாவும் கோழித்தீவனமும் பருத்திச் சாக்கில் வந்தன. கிராமத்துப் பெண்கள் காலிச் சாக்கைப் பிரித்து உடுப்பு தைப்பதைக் கம்பெனிக்காரர்கள் கவனித்தார்கள். உடனே சாக்கிலேயே பூவும் கட்டமும் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வியாபாரம்! ஒரு கவுனுக்கு இரண்டு மூன்று சாக்கு வேண்டும், ஒரே டிசைன். அதற்காகப் பெண்கள் தீவனக் கடைக்கே போய்ச் சாக்கைப் புரட்டுவார்களாம். வெட்டுவதற்காகவே பிறந்த துணி அது. இப்போது அதே சாக்கு, பிரிக்காமல் தையலோடு முழுசாக இருந்தால் சேகரிப்பவர்களிடம் தனி மதிப்பு. அந்தப் பெண்களுக்கு இது தெரிந்தால் சிரிப்பார்கள்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுடைய கவலை வேறாக இருந்தது. அவளுக்குப் பாதித் துணி வருவது பழைய துணி மொத்தமாக வாங்கி விற்பவர்களிடமிருந்து. அவர்களுக்கு வருவது தெருவில் 'பழைய துணிக்குப் பாத்திரம்' கொடுக்கிறவர்களிடமிருந்து. பட்டுச்சேலை என்றால் ஜரிகையில் இருக்கிற வெள்ளிக்காகத் தனியாகப் போய்விடும், எரித்து எடுத்துவிடுவார்கள். பருத்தி மூட்டையில் சேரும். அப்படி ஒரு மூட்டையில் ஒரு பழைய காரைக்குடிக் கண்டாங்கி கிடைத்திருக்கிறது. பெரிய பெரிய கட்டம், அகலக் கரை. அதை யாரோ ஒரு அம்மா எவர்சில்வர் தூக்குவாளிக்கோ டப்பாவுக்கோ போட்டிருக்கிறார்.

"அதுல எட்டு தொப்பி வித்தேன் மாமா. அந்தம்மாவுக்கு என்ன கிடைச்சிருக்கும்? அதுதான் உறுத்துது. வெட்டினது உறுத்தலை."

பி.காம் மூளைக்கு இது புரியும். விற்பவருக்குத் தெரியாதது வாங்குபவருக்குத் தெரிந்தால், அந்த இடைவெளிதான் லாபம். பாதி வியாபாரம் அப்படித்தான் ஓடுகிறது. அவள் இப்போது ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் ஒரு சின்னத் துணிப் பட்டியில் எந்த ஊர்த் துணி, என்ன வகை என்று எழுதித் தைக்கிறாள். நல்ல காரியம்தான். ஆனால், தூக்குவாளி அம்மாவுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதற்கு என்னிடம் விடை கிடையாது. கத்தரிக்கோலைவிட இந்தக் கேள்விக்குத்தான் கூர்மை அதிகம் என்றுமட்டும் தோன்றுகிறது.

இந்தத் துணிகளுக்கு யார்தான் சொந்தக்காரர்? முடிச்சுப் போட்ட பெண்ணா? அவள் பேர்கூட நமக்குத் தெரியாது, முடிச்சுக்கணக்கில் சொற்பக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கட்டியவளா? காசு கொடுத்தவர் அப்பா, ஆனால் வியர்வையும் மஞ்சளும் அம்மாவுடையது. இல்லை, இப்போது வைத்திருக்கிற நானா? இந்த வரிசையில் அந்தச் சேலைக்காக மிகக் குறைவாக உழைத்தவன் நான்தான். உருண்டை வாங்கிப் போட்டேன், அவ்வளவே. ஆனால் 'கூடாது' என்று சத்தமாகச் சொன்னதும் நான்தான்.

அன்றைக்கு ராத்திரி சேலையை எடுத்து முழுசாக விரித்துப் பார்த்தேன். அம்மா போனபிறகு முழுசாக விரித்தது அதுதான் முதல் தடவை. முகர்ந்து பார்க்க மடிப்பே போதுமாக இருந்ததே! மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடுகோடாக வெளுத்திருந்தது. ஒரு கோட்டில் விரல் வைத்தேன், நூல் இழை விட்டிருந்தது. நான் பத்திரமாக வைத்திருந்த லட்சணம் இது. கத்தரிக்கோல் ஒரே நாளில் செய்வதை, நான் வருஷக்கணக்கில் மெதுவாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

கொடுத்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். வெட்டுவதற்கு முன் முழுச் சேலையையும் விரித்து நாலைந்து போட்டோ எடுத்து வைக்க வேண்டும், முந்தியில் கை வைக்கக்கூடாது, அம்மாவைப் பார்த்திராத யாருக்கும் முதல் தொப்பியை விற்கக்கூடாது என்று நிபந்தனைகள் வேறு. அக்கா மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஆடிப்பெருக்குக்கு அக்கா வந்தாள். சேலை மேஜைமேல் பேப்பரில் சுற்றித் தயாராக இருந்தது. எடுத்துப் பார்த்தாள். இழை விட்ட இடத்தைப் பார்த்தாள். ஊசி நூல் கேட்டாள். பத்து நிமிஷத்தில் தைத்து முடித்து, உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அம்மா... அது எனக்கும்மா!" என்று மகள் அலறினாள்.

"கிழியட்டும், எடுத்துக்க" என்றாள் அக்கா. "உடுத்தாத சேலையில தொப்பி எதுக்குடி?"

அதே சேலையோடு மார்க்கெட்டுக்குப் போய் வெண்டைக்காய் வாங்கிவந்தாள். ஊருக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். எனக்கும் இது தோன்றவில்லை, அந்தப் பெண்ணுக்கும் தோன்றவில்லை. வெட்டுவதா வைப்பதா என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது அக்கா மகள் ஊருக்குப் போகும்போதெல்லாம், அம்மாவைச் சாப்பிட்டாயா என்று கேட்கும் முன் கொடியில் காயும் சுங்குடியைத்தான் போய்ப் பார்க்கிறாளாம். கரை எங்கேயாவது விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருகிறாளாம். அக்கா போனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.