போனால் போகட்டும் என்று வாங்கிய தினார்

(மும்பை மாட்டுங்காவில் சைவ சித்தாந்தம் கற்பிக்கும் ஆசிரியரும், தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் அவருடைய மாணவரும், எது சரியான அறிவு என்று ஆராயும் அளவைப் பாடத்தின் நடுவே பேசிக்கொண்டது.)

சீடன்: ஐயா, பாடத்துக்கு வெளியே ஒன்று கேட்கலாமா? என்னிடம் ஈராக் தினார் இருக்கிறது. 25,000 தினார் நோட்டு, நான்கு.

குரு: ஈராக்குக்கு எப்போது போனாய்?

சீடன்: போகவில்லை. கர்பலா, நஜஃப் யாத்திரை போய் வந்தவர்களிடம் வாங்கியது என்று சொல்லி, செம்பூரில் ஓர் ஏஜென்ட் விற்கிறார். நோட்டு 6,000 ரூபாய். ‘ஆர்வி’ வரப்போகிறதாம். ஒரே இரவில் மதிப்பை ஏற்றி, தினாருக்கு மூன்று டாலர் என்று அறிவித்துவிடுவார்களாம். என் நாலு நோட்டுக்கு மூன்று லட்சம் டாலர் வரும்.

குரு: நம்புகிறாயா?

சீடன்: இல்லை. அதனால்தான் நாலோடு நிறுத்திக்கொண்டேன். போனால் இருபத்து நாலாயிரம், வந்தால் கோடி.

குரு: ஐயம் எழுந்த இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது என்பார்கள் நையாயிகர். உன் ஐயம் நோட்டின் எண்ணிக்கையைக் குறைத்ததோடு சரி, ஒரு கேள்வியையும் எழுப்பவில்லை. முழுதாக நம்புகிறவர்களை மட்டும் வைத்து அந்த ஏஜென்ட் எத்தனை நோட்டு விற்றிருப்பார்? உன்னைப் போல அரைகுறையாகச் சந்தேகப்படுகிறவர்கள்தான் அவருக்குப் பெரிய வாடிக்கை. சரி, ‘வரும்’ என்பதற்கு உன்னிடம் என்ன அளவை இருக்கிறது?

சீடன்: உரை அளவை என்று வைத்துக்கொள்ளலாமா? பாக்தாத்தில் வங்கியில் வேலை செய்பவர் சொன்னாராம்.

குரு: சொல்பவன் பொருளை நேரே அறிந்தவனாகவும், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவனாகவும் இருந்தால்தான் அவன் சொல் அளவையாகும். பாக்தாத்காரரை நீ பார்த்ததில்லை. உன்னிடம் சொன்னவரோ நோட்டு விற்கிறவர். அமெரிக்காவில் இதே தினாரை இதே கதையோடு விற்ற ஒரு கம்பெனியின் ஆட்கள், 2018ல் ஜார்ஜியா மாநிலத்தில் மோசடிக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தினார் பற்றி நடுநிலையாளர்போலப் பேசி ஆசை காட்டியவர்களுக்கு அந்தக் கம்பெனியே மறைவாகப் பணம் கொடுத்திருந்தது.

சீடன்: உரையை விடுங்கள். கருதல் அளவை, அதாவது அனுமானம், இருக்கிறது. குவைத்! 1990 ஆகஸ்ட்டில் சதாம் உள்ளே புகுந்தபோது குவைத் தினாரை யாரும் தொடவில்லை. அம்மானிலிருந்து ஏர் இந்தியா இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 500 தடவை பறந்து நம் ஆட்களைக் கொண்டுவந்ததே, அதில் பம்பாய் வந்து இறங்கியவர்தான் எங்கள் மாமா. கையிலிருந்த தினாரைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார். ஏழே மாதத்தில் அது பழைய மதிப்புக்கு வந்தது. அன்று குவைத்துக்கு நடந்தது இன்று ஈராக்குக்கு நடக்காதா?

குரு: இது நல்ல வாதம். இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். குவைத்தில் என்ன நடந்தது? நாட்டைப் பறித்தவன் முதலில் இரண்டு தினாரும் சமம் என்றான், பிறகு குவைத் தினாரே செல்லாது என்றான். ஆனால் குவைத்தின் செல்வத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு முதலீடாகப் பத்திரமாக இருந்தது. அரசு சவுதியில் உயிரோடு இருந்தது. திரும்பி வந்ததும் பணத்தைப் பழைய இடத்தில் வைத்தார்கள். ஏற்றவில்லை, மீட்டார்கள். அப்போதும் கையில் நோட்டு வைத்திருந்தவருக்கெல்லாம் பணம் கிடைத்துவிடவில்லை. 1991 மார்ச் 24ல் புது நோட்டு வந்தது. ஈராக்கியர் கொள்ளையடித்த நோட்டுகளை எண் வரிசை பார்த்துச் செல்லாதவை ஆக்கினார்கள். உன் மாமாவிடம் மலிவாக வாங்கியவர் அன்று அந்த எண்களைப் பார்த்திருக்க முடியாது.

சீடன்: ஈராக்கிடமும் எண்ணெய் இருக்கிறதே. 80களில் ஒரு தினார் மூன்று டாலருக்கு மேல் என்பதும் உண்மைதானே?

குரு: உண்மை, அரசு சொன்ன விலையில். ஆனால் அது உன் கையில் இருக்கும் நோட்டு அல்ல. குவைத்தைப் பிடித்ததற்காகப் பொருளாதாரத் தடை வந்த பிறகு உள்நாட்டிலேயே கட்டுக்கட்டாக அச்சடித்தார்கள். 90களின் நடுவில் ஒரு டாலருக்கு ஆயிரக்கணக்கில் தினார் கொடுக்க வேண்டியிருந்தது. சதாம் விழுந்த பிறகு, 2003 அக்டோபருக்கும் 2004 ஜனவரிக்கும் இடையில் புது நோட்டு மாற்றிக் கொடுத்தார்கள். உன்னுடையது அந்த வம்சம். பழைய சதாம் நோட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. வடக்கே குர்து மக்கள் விடாமல் வைத்திருந்த அதற்கும் முந்தைய நோட்டுக்கு 150 புது தினார். பழைய மூன்று டாலர் அப்போதே கணக்குத் தீர்ந்துபோனது. இன்னொன்று: ஈராக் வெளியிட்டிருக்கும் நோட்டுகளின் மொத்தம் சுமார் 100 லட்சம் கோடி தினார். தினாருக்கு மூன்று டாலர் என்றால் எவ்வளவு?

சீடன்: 300 லட்சம் கோடி டாலர்.

குரு: உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்து ஓர் ஆண்டில் உண்டாக்குவதே அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். யார் கொடுப்பார்கள்?

சீடன்: ஆனால் 2023 பிப்ரவரியில் ஏற்றினார்களே! ஏஜென்ட் அந்தச் செய்தியைக் காட்டித்தான் விற்றார்.

குரு: டாலருக்கு 1,450க்கு மேல் இருந்ததை 1,300 பக்கம் கொண்டுவந்தார்கள். சுமார் பத்து சதவீதம். 2020 டிசம்பரில் மதிப்பை இறக்குவதற்கு முன்னால் அது 1,200க்கும் கீழே இருந்தது. ஆக, இறக்கியதில் பாதிக்குச் சற்று மேல்தான் திருப்பித் தந்தார்கள். அரசு விகிதப்படி உன் நோட்டு ஒன்று 19 டாலர் சொச்சம், 2,000 ரூபாய்க்கும் குறைவு. நீ கொடுத்தது 6,000.

சீடன்: மூன்று பூஜ்யத்தை எடுக்கப்போவதாக அவர்களின் மத்திய வங்கியே பேசியிருக்கிறது. 

குரு: எடுத்தால் உன் 25,000 தினார் 25 புது தினாராகும். அரிசி விலையிலும் அதே மூன்று பூஜ்யம் போகும். துருக்கி 2005 ஜனவரி 1 அன்று ஆறு பூஜ்யத்தை எடுத்தது, பத்து லட்சம் பழைய லிராவுக்கு ஒரு புது லிரா. அதனால் அங்கே ஒருவரும் பணக்காரர் ஆகவில்லை. இப்போது நீ சொல். எது நடந்தால், அல்லது எத்தனை வருடம் நடக்காமல் போனால், ‘இது பொய்’ என்று ஒத்துக்கொள்வாய்?

சீடன்: …யோசித்ததில்லை. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்கிறார்கள்.

குரு: அங்கேதான் இதன் உயிர் இருக்கிறது. எது நடந்தாலும் அதற்குச் சாட்சியாகிவிடும். விலை ஏறினால் ஆரம்பம் என்பார்கள், இறங்கினால் ரகசியத்தை மறைக்கிறார்கள் என்பார்கள். தோற்பதற்கு இடமே வைத்துக்கொள்ளாத பேச்சை எந்த அளவையாலும் அளக்க முடியாது.

சீடன்: ஐயா, ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். தாராவியில் நாங்கள் எப்போதும் காத்திருக்கிறவர்கள்தானே. சீரமைப்பு என்று 2004ல் சொன்னார்கள். டெண்டர், ரத்து, மறுபடி டெண்டர். 2022ல்தான் அதானிக்குக் கிடைத்தது. 350 சதுர அடி வீடு வரும் என்று நம்பியே அப்பா போய்விட்டார். அதை நம்பலாம், இதை நம்பக் கூடாதா? ஆயுள் முழுக்கத் தோல் வெட்டினாலும் இந்த ஊரில் ஓர் அறை வாங்க முடியாதவன் வேறு எதைப் பிடித்துக்கொள்வான்?

குரு: கோபம் இல்லையப்பா. உன் ஆசை நியாயமானது. தினார் விற்பவன் அந்த நியாயத்தைத்தான் காசாக்குகிறான், என் ஆத்திரமெல்லாம் அவன் மேல். வீட்டுக்காக நீ காத்திருப்பதில் ஓர் அரசாணை இருக்கிறது, 2000 ஜனவரி 1 என்ற கெடுத் தேதி இருக்கிறது, அதற்கு முன்பே குடியிருந்ததைக் காட்ட உன் அப்பா பெயரில் ரேஷன் கார்டு இருக்கிறது. தாமதம் அநியாயம்தான். ஆனால் மனுப் போடலாம், வழக்குப் போடலாம், ஊர்வலம் போகலாம். தினார் வரவில்லை என்று நீ யார்மேல் வழக்குப் போடுவாய்? அங்கீகாரம் பெற்ற மணி சேஞ்சரிடமோ வங்கியிடமோ வாங்காததால், ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி முதல் தவறே உன்னுடையது என்பார்கள்.

சீடன்: என் நாலு நோட்டு போகட்டும். செம்பூரில் எங்கள் அத்தான் அக்காவின் சங்கிலியை அடகு வைத்து இருபது நோட்டு வாங்கப்போகிறார். அவரிடம் என்ன சொல்வது?

குரு: ஏஜென்ட்டிடம் ஒன்று கேட்கச் சொல். இன்று விற்ற நோட்டை அடுத்த மாதம் அதே 6,000க்குத் திரும்ப வாங்கிக்கொள்வாரா? பல நூறு மடங்கு ஏறும் என்று மெய்யாகவே நம்புகிறவருக்கு அதைவிட லாபமான பேரம் ஏது?

சீடன்: …நானே போன வாரம் கேட்டேன். ‘இப்போது போய் யாராவது விற்பார்களா, வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

குரு: அத்தானிடம் இதைச் சொன்னாயா?

சீடன்: சொல்லவில்லை. நான் வாங்கியதைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசையே வந்தது. சொன்னால் ஏமாந்தவன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும்.

குரு: சங்கிலி இன்னும் வீட்டில்தானே இருக்கிறது?

சீடன்: நாளைக் காலையில் அடகுக் கடைக்குப் போகிறார்.

குரு: புத்தகத்தை மூடு. கிங்ஸ் சர்க்கிளில் ஏறி வடாலாவில் மாறினால், அவர் சாப்பிட உட்காரும் முன் செம்பூர் போய்விடலாம். நாலு நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போ.