எண்ணி முடிந்த பின்

2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் மாலை நான்கு மணிக்கு, இலங்கையின் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்கான வாக்களிப்பு முடிவுற்றது. காலை ஏழு மணி முதல் வரிசையில் நின்ற மக்கள் வீடு திரும்பினர். பெட்டிகள் திறக்கப்பட்டன. முடிவுக்காகக் காத்திருக்கும் இரவு தொடங்கிற்று. மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பிரதேசத்திலுள்ள பெரியமடுவுக்கும் அவ்விரவு வந்தது. கடை வாசலிலே ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிப் பத்துத் தலைகள் கூடின. அத்தலைகளுள் நம்முடையதும் ஒன்று.

அந்த ஆவலை வெறும் வேடிக்கை மனம் என்று தள்ளிவிட முடியாது. 2018 பெப்ரவரி 10ஆம் நாளுக்குப் பின், ஏழாண்டுகள் கழித்து மக்கள் தம் சபையைத் தாமே தெரிவு செய்த நாள் அது. 2023 மார்ச்சு 9ஆம் நாள் நடந்திருக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடவாது போயிற்று. அதே மாதத்தில் பழைய சபைகளின் காலமும் முடிந்தது. அதன் பின் இரண்டாண்டுகள் உத்தியோகத்தரே சபைகளை நடத்தினர். தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனை தடை தாண்டி வந்த வாக்கின் முடிவை மக்கள் ஆவலோடு எதிர்பார்த்ததில் வியப்பென்ன இருக்கிறது?

ஆயினும், வட்டார முடிவுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியபோது கூட்டத்திலிருந்து ஓர் இளைஞனின் குரல் எழுந்தது: “அந்தப் பக்கத்து ஆக்கள் எங்களுக்குப் போடேல்லை. இனி றோட்டுக் கேட்டு வரட்டும், பாப்பம்!” பலர் சிரித்தனர். பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் சிரிக்கவில்லை. “தம்பி, அந்த றோட்டாலதானே நீயும் போறனீ?” என்று மட்டும் கேட்டார்.

வெற்றியின் களிப்பிலே எழுந்த அந்தச் சொல்லும், அதற்கு மறுமொழியாக வந்த அந்தக் கேள்வியும் நம்மைச் சிந்திக்க வைத்தன. தனக்கு வாக்களிக்காதவனுக்கு வென்றவன் கடமைப்பட்டவனா? கடமைப்பட்டவன் எனில், அக்கடமை எங்கிருந்து பிறக்கிறது?

முதலில், எண்ணுவது என்றால் என்ன என்று கேட்போம். நூறு பேரில் ஐம்பத்தொருவர் ஒன்றைச் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? ஆகாது. பெரும்பான்மை என்பது உண்மையை அளக்கும் கோலன்று. ஒன்றாக வாழவேண்டிய மனிதர் தம் பிணக்கை இரத்தம் சிந்தாமல் முடித்துக்கொள்ளும் வழி அது. நாற்பத்தொன்பது பேர் தோல்வியை ஏற்று அமைதியாக வீடு செல்கிறார்களே, அது ஏன்? தோற்றாலும் தாம் அந்த ஊரின் மக்களே, தம் பிள்ளை நடக்கும் வழியும் தாம் நீர் மொள்ளும் கிணறும் பறிபோகா என்ற நம்பிக்கையினாலன்றோ? அந்நம்பிக்கையை உடைப்பவன், தன்னை வெற்றியாளன் ஆக்கிய ஒப்பந்தத்தையே கிழித்தெறிகிறான்.

வாக்கின் இரகசியம் இந்த ஒப்பந்தத்தின் காவலாக வந்தது. பிரித்தானியாவில் 1872 வரை வாக்காளன் எழுந்து நின்று ஊரறியத் தன் விருப்பைச் சொன்னான். குத்தகை நிலத்தை உழுதவன், நிலப்பிரபு பார்த்திருக்கச் சொன்னான். ஜோன் ஸ்டூவர்ட் மில் என்ற பேரறிஞர் 1861இல் எழுதிய நூலில், வாக்கு ஒருவனுடைய சொந்தச் சொத்தன்று, சமூகம் அவனிடம் ஒப்படைத்த பொறுப்பு, ஆகவே அது பகிரங்கமாகவே இருத்தல் வேண்டும் என்று வாதித்தார். வாக்கு ஒரு பொறுப்பே என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒருவனது நிலமும் தோணியும் நாட்கூலியும் இன்னொருவன் கையில் இருக்கும்போது, பகிரங்கம் அந்த இன்னொருவனின் சவுக்காகிவிடும். ஏழைக்கு இரகசியம் கோழைத்தனமன்று. அவன் அச்சமின்றி உண்மை பேசக்கூடிய இடம் அந்த மறைப்பு ஒன்றுதான்.

நம் நாட்டில் இன்று அந்த மறைப்பு எவ்வளவு கனமானது? 2018 முதல் உள்ளூராட்சித் தேர்தல்களில் வட்டார முறை மீண்டும் வந்தது. உறுப்பினருள் நூற்றுக்கு 60 பேர் வட்டாரங்களிலிருந்தும் 40 பேர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். வாக்குகளும் பெரும்பாலும் அளிக்கப்பட்ட இடத்திலேயே எண்ணப்படுகின்றன. மக்களுக்குத் தம் உறுப்பினர் யாரெனத் தெரிவதும், பெட்டிகள் நெடுந்தூரம் போகாதிருப்பதும் நன்மைகளே. ஆனால் சில நூறு பேர் வாழும் சிற்றூரிலே, எண்ணிக்கையைக் கண்டதும் எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஊகிப்பது அரிதன்று. தனி மனிதனின் சீட்டு மறைந்திருக்க, அவன் தெருவின் மனம் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. சட்டம் எழுப்பிய சுவர் இங்கே தாழ்ந்துபோகிறது. எஞ்சிய உயரத்தை வென்றவனின் மனச்சாட்சிதான் கட்டவேண்டும். யார் போட்டார், யார் போடவில்லை என்று அறிய அவன் விரும்பாதிருத்தல் வேண்டும். ஊகித்துவிட்டாலும் மறந்துவிடுதல் வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. “எமக்காக வெயிலில் அலைந்தவன் ஒருவன், எம்மைத் தூற்றியவன் ஒருவன். இருவரையும் ஒன்றாக நடத்தினால் நன்றி என்ற அறம் என்னாவது?” என்பர். நன்றி பேரறமே. ஆனால் அதைச் செலுத்தவேண்டியது தன் கைப்பொருளிலிருந்து. பொதுப்பணத்தால் செலுத்தப்படும் நன்றிக்கு வேறு பெயர் உண்டு, அது களவு. பிரதேச சபையின் பணத்தில் தோற்றவனின் வரியும் கலந்திருக்கிறது. சபையின் வேலைகளோ சிறு வீதி, தெருவிளக்கு, வடிகால், பொதுக் கிணறு, சந்தை, மயானம், வாசிகசாலை என்பன. இவற்றுள் எதைக் கட்சி பார்த்துப் பங்கிடுவது? தெருவிளக்கின் ஒளியைத் தனக்கு வாக்களித்தவன் மேல் மட்டும் விழச் செய்யவல்லவன் யார்? அடைபட்ட வடிகாலில் பெருகும் நுளம்பு எந்தப் பட்டியலைப் படித்துவிட்டுக் கடிக்கிறது? முதியவரின் கேள்வியிலே இந்தப் பொருள் முழுவதும் அடங்கியிருந்தது.

இன்னும் ஒன்று. வாக்குக்கு விலையாகவே வீதி தரப்படும் எனில், வாக்கில்லாதவர் கதி என்ன? பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்கு வாக்கில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து போனவர்கள் பெருந்தொகையினர். புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்த அவர்களின் பெயர் எவ்வூர் இடாப்பில் இருத்தல் வேண்டும் என்ற வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. தமிழகத்தின் முகாம்களுக்குக் கடல் கடந்து போன மன்னார்க் குடும்பங்களோ அங்கும் வாக்காளர் அல்லர், இங்கும் எண்ணப்படுவதில்லை. நாளை அவர்கள் திரும்பினால், “நீர் எமக்கு வாக்களித்தீரா?” என்று கேட்டுவிட்டா கிணற்றைக் காட்டுவது? எண்ணிக்கைக்குள் வராதவனும் மனிதனே என்பதை ஒப்புக்கொண்டால்தான், எண்ணிக்கைக்கே ஓர் அறம் உண்டாகிறது.

நம் பழமையைப் புகழ்வோர் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் காட்டுவர். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்விதிகள், குடத்தில் ஓலையிட்டுச் சபையாரைத் தேர்ந்த முறையைச் சொல்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே அங்கு இடமிருந்தது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் இடமிருக்கவில்லை. அதை மக்களாட்சி என்று கொண்டாட நாம் ஆயத்தமாயில்லை. நம் நாட்டிலும் 1931இல் சர்வசன வாக்குரிமை வருமுன் அதை எதிர்த்த பெரியோர் இருந்தனர், சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்பட. எனினும் உத்தரமேரூரில் எடுத்துக்கொள்ளத்தக்க விதி ஒன்று உண்டு. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனின் பெயரும் அவன் உறவினரின் பெயரும் குடத்துக்குள் போகலாகாது என்பதே அது. வாக்கை எண்ணுவதோடு வேலை முடியவில்லை, செலவையும் எண்ணவேண்டும் என்று அன்றே உணர்ந்திருந்தனர்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். முடிவு இரவில் விழித்திருப்பது எளிது. அதற்குப் பின் வரும் நான்காண்டுகள் விழித்திருப்பதே அரிது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எந்த வீதிக்கு எவ்வளவு செலவாயிற்று, எந்தத் தெரு ஆண்டுதோறும் பட்டியலில் விடுபடுகிறது என்று எழுத்தில் கேட்கலாம். விடுபட்ட தெரு தோற்றவர் தெருவாயின், அதற்காக முதலில் பேசவேண்டியவர் வென்ற பக்கத்தில் இருப்போரே. தோற்றவன் கேட்டால் அது முறைப்பாடு என்று ஒதுக்கப்படும். வென்றவனின் தோழன் கேட்டால் சபை செவிசாய்த்தே தீரும்.

அன்றிரவு கூட்டம் கலைந்தபோது நேரம் வெகுவாகிவிட்டது. வென்றவரும் தோற்றவரும் ஒரே வீதியால், ஒரே குழிகளைத் தாண்டி, ஒருவர் கைவிளக்கின் ஒளியில் மற்றவர் நடந்து வீடு சென்றனர். முதியவரின் கேள்விக்கு அந்த இளைஞன் மறுமொழி சொல்லவில்லை. அவன் சார்ந்த உறுப்பினர் தம் முதல் வேலைப்பட்டியலை எழுதும்போது, அதை அவன் அவருக்குச் சொன்னால் போதும்.