தாண்டிப் போன மீன்

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் வலைபோட்டுச் சால்மன் பிடிக்கும் படகு 32 அடியைத் தாண்டக் கூடாது. அதற்குள்தான் மூன்று நான்கு பேர் நாள்கணக்கில் உண்டு, உறங்கி, வலை இழுக்க வேண்டும். 1951 வரை அங்கே மோட்டாருக்கும் தடை. பாய் விரித்துத்தான் போனார்கள்.

வலை இழுப்பதைவிடக் காத்திருப்பதுதான் கடினம். ஆற்றங்கரைக் கோபுரங்களில் நின்று, மணிக்குப் பத்து நிமிடம் வீதம், எதிர்நீச்சலில் மேலேறும் மீன்களை ஆட்கள் எண்ணுகிறார்கள். முட்டையிடப் போதிய மீன் போகிறதா என்று பார்த்தே வலைபோட நேரம் ஒதுக்குகிறது மாநில மீன்வளத் துறை.

கண்முன்னே மீன் துள்ளும். கை சும்மா இருக்கும். பசியோடு இருப்பவன் பந்தியில் முதல் இலையை விருந்தாளிக்கு விடுவது போலத்தான். வலைக்குள் வந்ததில் மகிழ யாருக்கும் தெரியும். வலையைத் தாண்டிப் போனதில் நிம்மதி கொள்ளத்தான் பழக வேண்டும்.

மேலேறிய சாக்கை வகைச் சால்மன் முட்டையிட்டதும் இறந்துவிடும். அதன் குஞ்சுகள் ஏரியில் ஓரிரு ஆண்டு வளர்ந்து கடலுக்கு இறங்கும். பிறந்த ஆற்றுக்கு அவை திரும்பி வர, பெரும்பாலும் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.