யாருடைய நேரம் பொன்?

“காலம் பொன் போன்றது” என்று பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறோம், சுவரில் எழுதி வைக்கிறோம், மேடையில் முழங்குகிறோம். கேட்கவேண்டிய கேள்வியை மட்டும் கேட்பதில்லை. யாருடைய காலம் பொன்? நிழற்குடையும் இல்லாத பேருந்து நிறுத்தத்தில், ஒரு கையில் சோற்றுத் தூக்கும் மறு கையில் குழந்தையுமாக நாற்பது நிமிடம் நிற்கிறாளே ஏழைத்தாய், அவளுடைய காலமும் பொன்தானா? பொன் என்றால், நாள்தோறும் அதைக் களவாடும் கள்வன் யார்? அவனைப் பிடிக்க ஏன் எவரும் புறப்படவில்லை?

நிலம் சிலரிடம் குவிந்தது. செல்வம் சிலரிடம் தேங்கியது. கல்வியும் நெடுங்காலம் சிலரின் தனிச்சொத்தாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான், எவரும் கூட்டி வைத்துக்கொள்ள இயலாதபடி, எல்லோருக்கும் ஒரே அளவாக வாய்த்தது: நாளொன்றுக்கு 24 மணி நேரம். மாளிகைவாசிக்கு 25 இல்லை. குப்பை அள்ளும் தோழருக்கு 23 இல்லை. ஆனால் நம் சமுதாயம் இந்தச் சமத்துவத்தையும் விட்டுவைக்கவில்லை. பறித்துக்கொள்ள முடியாத நேரத்தைப் பாழாக்க ஒரு வழி கண்டது. அந்த வழிக்குப் பெயர் காத்திருக்க வைத்தல். பண்ணையார் வீட்டு வாயிலில் கூலிக்குக் காத்திரு! கிணற்றடியில் மேற்குலத்தார் நீர் மொண்டு முடிக்கும்வரை காத்திரு! அலுவலகத்தில் ஐயா அழைக்கும்வரை காத்திரு! காத்திருக்க வைப்பவன் மேலோன், காத்திருப்பவன் கீழோன் என்று, ஏட்டில் எழுதாத ஒரு வருணாசிரமம் நேரத்தின்மீதும் விரிக்கப்பட்டது.

சாலைக்கு மோட்டார் வந்தபோது அதுவும் கூடவே ஏறிக்கொண்டது. பேருந்து எனும் புதுமை தமிழகத்தில் ஓடத் தொடங்கிய காலத்தில், காசை நீட்டிய ஆதிதிராவிடத் தோழர்களை ஏற்ற மறுத்த முதலாளிகள் இருந்தனர். வண்டி வந்தது, அவர்களுக்கு மட்டும் வரவில்லை! இயந்திரம் மேனாட்டிலிருந்து வந்தது; அதை ஓட்டியவர் மனமோ மனுவின் நாளிலிருந்து நகரவில்லை. 1920-களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சுயமரியாதை வீரர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். ஏற்றினார்கள்! ஆண்டவன் கட்டளை என்று சொல்லப்பட்டது, ஓர் அதிகாரியின் ஆணையில் ஆட்டங் கண்டது. சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரைத் தாங்கிய கடைவீதிதான். அங்கே பட்டு வாங்கிப் பேருந்தேறுவோரில் எத்தனை பேர் இதை அறிவர்?

கடல் கடந்தும் கதை இதுவே. அமெரிக்காவின் மாண்ட்கோமெரி நகரில், 1955 டிசம்பர் 1 அன்று, வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார் ரோசா பார்க்ஸ். கைது செய்யப்பட்டார். அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்தைப் புறக்கணித்தனர்; பல்லாயிரவர் நடந்தே வேலைக்குச் சென்றனர். பேருந்தில் பிரித்து உட்காரவைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்ன பிறகே, 1956 டிசம்பரில், மீண்டும் ஏறினர். தன்மதிப்புக்கு விலையாக அவர்கள் கொடுத்தது எதை? தங்கள் நேரத்தை!

இன்று, “நீ ஏறாதே” என்று வாய்திறந்து சொல்வோர் இல்லை. சட்டம் தடுக்கிறது. ஆனால் பேதம் ஒழிந்துவிடவில்லை, கணக்கேட்டுக்குள் புகுந்துகொண்டது. மேம்பாலமோ புதிய இரயில் தடமோ அமைக்குமுன் வல்லுநர்கள் கணக்கிடுவர்: இத்திட்டத்தால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு, அதன் பணமதிப்பு எவ்வளவு என்று. பயணியின் வருவாயைக் கொண்டு அந்த மதிப்பைக் கணிக்கும் முறை உலகின் பல நாடுகளில் கையாளப்படுகிறது. விளைவு? பெரும் ஊதியம் பெறுபவரின் ஒரு நிமிடம் கல்லாய்க் கனக்கிறது. கூலிக்காரரின் நிமிடம் பஞ்சாய்ப் பறக்கிறது. ஒரே குற்றத்துக்குக் குலத்துக்கொரு தண்டனை என்றது மனுவின் சட்டம். ஒரே நிமிடத்துக்கு வருவாய்க்கொரு மதிப்பு என்கிறது இந்தக் கணக்கு. தராசு புதிது, படிக்கல் பழையது!

கற்பனையன்று இது. தில்லியில் 2008-ஆம் ஆண்டு, அம்பேத்கர் நகரிலிருந்து பேருந்துகளுக்கெனத் தனித்தடம் ஒன்று திறக்கப்பட்டது. அதை அகற்றக் கோரி உயர்நீதிமன்றத்தில் மனு போடப்பட்டது. வாதம் என்ன தெரியுமா? காரில் செல்வோர் செல்வத்தைப் படைப்போராம். அவர்கள் நேரம் வீணாகிறதாம்! அந்த மனுவுக்குள் அந்தப் பழைய மனு அமர்ந்திருந்ததைக் காண்கிறீர்களா? 2012-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் பின்னர் 2016-இல் அத்தடம் அகற்றப்பட்டது. அதன் அமைப்பில் குறைகள் இருந்தன, மறுப்பதற்கில்லை. குறையைத் திருத்துவது ஒரு வழி; தடத்தையே துடைத்தெறிவது மற்றொரு வழி. இரண்டாம் வழியே எளிதாகத் தோன்றியது. ஏனெனில் காத்திருக்கப் போகிறவர் யார் என்பது முன்பே முடிவாகியிருந்தது.

“மிகுதியாகப் பொருளீட்டுபவரின் நேரத்துக்கு மிகுதியான மதிப்பு, இது பொருளியலின் பாலபாடம் அல்லவா?” என்று கேட்கும் அறிவாளரும் உளர். மதித்தே மறுமொழி கூறுவோம். ஊதியம் என்பது உழைப்புக்குச் சந்தை தரும் விலை. வாழ்வின் மதிப்பு அன்று. துப்புரவுப் பணியாளர் ஒரு நாள் வராவிடில் மருத்துவமனை நாறும். அவர் ஊதியமோ மிகக் குறைவு. மேலும், பேருந்துக்காக வீணான அரை மணியில் அவர் இழப்பது கூலி மட்டுமா? குழந்தையின் பாடத்தைக் கேட்கும் நேரம், தலைசாய்க்கும் நேரம், நூலகத்தில் ஓர் ஏட்டைப் புரட்டும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். இவற்றை எந்தச் சந்தையில் விலை பேசுவது? பிரிட்டனில், அலுவல் சாராத பயண நேரத்துக்கு, ஏழை பணக்காரர் எவராயினும் ஒரே சராசரி மதிப்பு வைத்துத் திட்டங்களைக் கணக்கிடும் வழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. ஆகவே சமமாக எண்ண இயலாது என்பதன்று; எண்ண மனமில்லை என்பதே உண்மை.

இந்தப் படிக்கல்லை ஏந்திச் சென்னைக்கு வருவோம். 1895-இல் மின்சார டிராம் ஓட்டிய நகரம் இது. 1953-இல் அது நின்றது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்தொடர் ஓடிற்று. உயரப் பாதையில் 1995-இல் சேப்பாக்கத்துக்கும், 2007-இல் வேளச்சேரிக்கும் பறக்கும் இரயில் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மீதம் 5 கிலோமீட்டர்தான். அதைக் கடக்க நிலவழக்கும் நிருவாகச் சுணக்கமும் 15 ஆண்டுகளுக்கும் மேலாக மக்களைக் காக்க வைத்தன. 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 3 வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

வரவேற்கிறோம்! விஞ்ஞானத்தின் வெற்றி கண்டு வெதும்புவோர் அல்லர் நாம். ஆயினும் எண்ணிக்கையையும் நோக்குவோம். அண்மை ஆண்டுகளில் மெட்ரோவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் சென்றனர். மாநகரப் பேருந்துகளில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இரயிலா பேருந்தா என்பதன்று வழக்கு. நிமிடம் தவறாத இரயிலில் வந்து இறங்கியவர், நிலைய வாயிலில் பேருந்துக்காக அரை மணி நின்றால், மிச்சமான நேரம் எங்கே போயிற்று? படி ஏற முடியாத மாற்றுத்திறனாளித் தோழர் எத்தனை பேருந்துகளைப் போகவிட்டு நின்றார்! வழக்காடிய பிறகல்லவா, 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடலாயின!

நிறுத்தத்தில் நிற்பவரைக் கேளுங்கள். “எல்லாம் நம் தலைவிதி” என்பார். இல்லை தோழர்களே, விதியன்று, வகுத்தல் கணக்கு! மணிக்கு ஆறு பேருந்து சீராக வந்தால் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பு. மணிக்கு இரண்டு என்றால் 15 நிமிடம். இதில் சனி எங்கே வந்தான், இராகு எங்கே வந்தான்? நெடுநேரம் வராத பேருந்து, வந்தால் இரண்டாகச் சேர்ந்து வருவதேன்? தாமதித்த வண்டிக்காகக் கூட்டம் பெருகுகிறது, ஏற்றி இறக்க நேரமாகிறது, மேலும் தாமதிக்கிறது, பின்னால் வரும் வண்டியோ கூட்டமின்றி விரைந்து வந்து அதை எட்டிவிடுகிறது. காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும்: போதிய வண்டிகள், சீரான இடைவெளி, பேருந்துக்குத் தனித்தடம். அறுபது பேரைச் சுமந்த பேருந்தும் ஒருவரைச் சுமந்த காரும் ஒரே நெரிசலில் நிற்பது சமத்துவமாகாது. ஐம்பத்தொன்பது பேரின் நேரம் கணக்கில் வரவில்லை என்பதே அதன் பொருள்.

2021 மே 8 முதல், தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் நிலை பிறந்தது. மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சம் என்றது மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு. கணவனிடம் கைநீட்டாமல் வேலைக்கும் கல்விக்கும் அவள் சென்றாள். உடனே, “ஓசிப் பயணம்” என்று ஏளனம்! பொதுப்பணத்தில் கட்டிய மேம்பாலத்தில் ஒரு காசும் கட்டாமல் கார் பறக்கிறதே, அதை எவரேனும் ஓசி என்றதுண்டா? தனக்குக் கிடைத்தால் வசதி, ஏழைக்குக் கிடைத்தால் ஓசி! இன்னொன்றையும் அஞ்சாமல் சொல்வோம். கட்டணமில்லாப் பேருந்து போதிய அளவில் வராவிட்டால், அவளிடம் கட்டணம் வசூலிக்கப்படுகிறது என்றே பொருள்: காசாக அன்று, காலமாக! எந்த ஆட்சியாயினும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

இளைஞர்காள்! கோவில் வாயிலிலும் ஓட்டல் பலகையிலும் பேதத்தைக் கண்டு கொதித்தெழுந்தது ஒரு தலைமுறை. கண்ணுக்குத் தெரியாத பேதத்தைக் கண்டுபிடிக்கும் பணி உங்களுக்கு. ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒரு வாரம் நில்லுங்கள். எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எத்தனை பேர் நின்றனர், எவ்வளவு நேரம் நின்றனர், ஏற முடியாமல் எவர் விடப்பட்டார் என்று எழுதுங்கள். அதை மாமன்ற உறுப்பினரிடமும் போக்குவரத்து அதிகாரியிடமும் கொண்டுசெல்லுங்கள்; ஏட்டில் வெளியிடுங்கள். அடுத்த திட்டம் அறிவிக்கப்படும்போது, எத்தனை கோடி, எத்தனை கிலோமீட்டர் என்பதோடு நில்லாமல் கேளுங்கள்: இதனால் யாருடைய காத்திருப்பு குறைகிறது? அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும் நாளில்தான், காலம் பொன் போன்றது என்று பள்ளிச் சுவரில் எழுத நமக்குத் தகுதி வரும்.