காட்டுக்குத் தீ கொண்டு போகலாமா?

காட்டுக்குள் போகிறவர் தீயை உடன் கொண்டு போகலாமா என்ற கேள்வி, முதுகுப்பையில் அடங்கும் கேஸ் அடுப்பைவிட மிகப் பழையது. வானப்பிரஸ்தம் ஏற்றவர் தம் வேள்வித்தீயைக் காட்டுக்கே எடுத்துச் செல்ல வேண்டும் என்கிறது மனுநூல். அடுத்த நிலையான சந்நியாசத்தில் அந்தத் தீயும் விடப்படுகிறது. துறவி சமைப்பதில்லை, பிறர் வீட்டு அடுப்பில் வெந்ததைப் பிச்சையாக ஏற்கிறார். ஆனால் தீயை விட்டதால் மட்டுமே ஒருவர் துறவியாகிவிட மாட்டார் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறது.

பௌத்தத் துறவிகளின் விதித்தொகுப்பான விநயத்தில் தீ மூட்டுவதற்கான தடைக்கு ஒரு நிகழ்ச்சியே காரணமாகச் சொல்லப்படுகிறது. குளிர்காலத்தில் பிக்குகள் சிலர் பொந்து விழுந்த பெரிய மரக்கட்டையைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். உள்ளே கிடந்த பாம்பு சூடு தாங்காமல் வெளியே பாய்ந்து அவர்களைத் துரத்தியது. நோயில்லாத பிக்கு குளிர்காய்வதற்காகத் தீ மூட்டக்கூடாது என்ற விதி அதன் பிறகு வந்தது. மூட்டியவர் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் அந்தக் கட்டைக்குள் இருந்தது என்பதுதான் இதில் முக்கியம். சமணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதற்குத் தீயே ஓரறிவு உயிர். மூட்டுவதிலும் இம்சை உண்டு, அணைப்பதிலும் உண்டு. ஆகவே சமண முனிவர்கள் அடுப்பையே தொடுவதில்லை. சென்னையிலிருந்து எளாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள புழலில் சமணர்களின் பழைய ஆதிநாதர் கோயில் இன்றும் இருக்கிறது.

அதே சாலையில்தான், எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள தடா அருவிக்கு மலையேறுகிறவர்கள் போகிறார்கள். இவர்கள் துறவிகள் அல்லர், இல்லறத்தார். பசிக்கும், சூடாக ஏதாவது வேண்டும். இவர்களுக்குப் பொருந்தும் அளவுகோல் தேவைக்கு மேல் சேர்க்காமை, பிற உயிருக்குத் தீங்கு செய்யாமை என்ற இரண்டும்தான். அந்த அளவுகோலில் விறகடுப்பு தோற்றுப்போகிறது. சுள்ளி பொறுக்கினால் அதில் குடியிருக்கும் பூச்சியும் எறும்பும் சேர்ந்து எரியும். சாம்பலுக்குள் கனல் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைத் தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீ காட்டியது. மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள்.

கேஸ் அடுப்பின் சிறப்பு அதன் சுடரில் இல்லை, குமிழில் இருக்கிறது. ஒரு திருகில் அணைகிறது, கனல் மிஞ்சுவதில்லை. தேர்வு செய்யும்போதும் இதுவே முதலில் பார்க்க வேண்டியது: குமிழ் சிறு சுடருக்கும் இறங்குகிறதா, வாயு அடைத்த கேனைக் கழற்றினால் அதன் வாய் தானாக மூடிக்கொள்கிறதா? கேனின் வாயில் ஓட்டை போட்டுப் பொருத்தும் வகையை, தீரும்வரை கழற்ற முடியாது, அது வேண்டாம். திருகிப் பொருத்தும் அடுப்புத்தலை சுமார் 100 கிராம்தான் இருக்கும். இருவர் ஓரிரவு தங்க 230 கிராம் கேன் ஒன்று தாராளம். இரண்டாவது கேன் வெறும் பயம்தான். கேனில் என்ன வாயு என்ற கவலை இமயமலைக்குப் போகிறவர்களுக்கு உரியது. பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 0.5 டிகிரியில் ஆவியாக மறுத்துவிடும். அங்கே புரொப்பேன் கலந்தது வேண்டும். திருவள்ளூர்ப் பக்கத்து மார்கழிக்குச் சாதாரண பியூட்டேனே போதும்.

எரியும்போது கேனைத் தொட்டால் சில்லென்றிருக்கும், வெளியே நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும். திரவம் ஆவியாகும்போது கேனின் சூட்டையே எடுத்துக்கொள்வதால் இப்படி. அந்தக் குளிர்ச்சி நல்ல அடையாளம். காற்றுக்குப் பயந்து அடுப்பைச் சுற்றித் தகடு வைத்து அடைத்தால் கேன் சூடேறும். கை பொறுக்காத சூடு வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். சரணாலயங்களிலும் காப்புக்காடுகளிலும் தீ மூட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. அங்கே வனத்துறை சொல்வதே முடிவு. மாசி, பங்குனியில் புல் காய்ந்த பிறகு இந்தச் சின்ன அடுப்பும் காட்டுக்கு வேண்டாம்.

கேனை எதில் கொண்டு போவது என்பதும் அகிம்சைக்குள் வருவதே. 2023 ஆகஸ்ட் 26 அன்று, உத்தரப் பிரதேசத்திலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் ரயில்பெட்டி மதுரையில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் தேநீர் போட முயன்றதே காரணமாகச் சொல்லப்பட்டது. புனிதப் பயணம் என்பதால் தீ விலகி நிற்கவில்லை.

கும்மிடிப்பூண்டி, எளாவூர் வழியாகத் தடாவுக்குப் போகும் ரயிலிலும் கேஸ் கேனுக்கு அனுமதி இல்லை. ரயிலில் கிளம்புகிறவர்கள் அடுப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, கால் கிலோ மெல்லிய அவலும் ஒரு துண்டு வெல்லமும் கட்டிக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் அவல் சாப்பிடத் தயார்.